மொட்டை மாடி சோலாரும் அணிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வீட்டு சோலாருக்கு சர்வீஸ் பார்க்கிறவன் நான். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனதும் தோப்பு வீடுகளில்கூட பேனல் ஏறிவிட்டது. தென்னை இருக்கிற இடத்தில் அணில் இல்லாமல் இருக்குமா? போனில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

அணில் பேனலை என்னங்க பண்ணிடும்? கண்ணாடியையா கடிக்கப் போகுது?

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அது பதப்படுத்திய கண்ணாடி. மயில் வந்து உட்கார்ந்தாலும் தாங்கும். பிரச்சினை எல்லாம் பேனலுக்கு அடியில். ஒவ்வொரு பேனலின் முதுகிலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும். அதிலிருந்து பிளஸ், மைனஸ் என்று இரண்டு ஒயர் வந்து, பக்கத்துப் பேனலின் ஒயரோடு கனெக்டரில் சேரும். அந்த ஒயர்தான் அணிலின் பல்லுக்குச் சிக்குவது.

இரண்டாவது தொல்லை கூடு. தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த சாக்கு நூல் என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் அடைத்துவிடும். காய்ந்த நாரும் கடிபட்ட ஒயரும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதல்ல. ஏன் என்று பிறகு வருகிறேன்.

தின்ன கொய்யா இருக்கு, தேங்காய் இருக்கு. ஒயரை ஏன் கடிக்குது?

பசிக்காகக் கடிப்பதில்லை. அணிலின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதற்கு வாய் மூட முடியும். மரப்பட்டை, ஓடு, கொட்டை போல ஒயர் உறையும் அதற்கு ஒரு தேய்ப்புக் கட்டை. அதனால்தான் மாடியில் தீனி வைத்து அதன் கவனத்தைத் திருப்பலாம் என்ற யோசனை பலிப்பதில்லை. தீனி வைத்தால் இன்னும் நாலு அணில் வரும், அவ்வளவுதான்.

வடாம், நிலக்கடலை காயப்போடுவதையும் கொஞ்ச நாள் பேனலை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பேனல் நிழலில் உட்கார்ந்து தின்னப் பழகிவிட்டால் அங்கிருந்து அதை எழுப்புவது கஷ்டம்.

அணில்தானா, இல்ல எலியா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பல் தடம் பார்த்துச் சொல்வது எங்களுக்கே சிரமம். இரண்டுமே ஜோடி ஜோடியாகக் கோடு போட்டாற்போல் கடிக்கும். நேரம்தான் துப்பு. அணில் பகலில் மட்டும் நடமாடும், எலி இரவில். இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) ஆப்பில் அன்றைய உற்பத்திக் கோட்டைத் திறந்து பாருங்கள். நல்ல வெயிலில், பதினொன்றரை மணிக்கு, மேலே போய்க்கொண்டிருந்த கோடு செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தால் அணிலைச் சந்தேகிக்கலாம். காலையில் கோடே ஆரம்பிக்கவில்லை என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

கூடும் சொல்லும். நாரும் பஞ்சுமாகப் பந்துபோல் உருட்டி, உயரத்தில் சொருகியிருந்தால் அணில். எலி பெரும்பாலும் தரையை ஒட்டி, பைப் வழியாக, மூலையைப் பிடித்துப் போகும். தடுக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் இதற்காக ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காலையில இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரியுது. பத்து மணிக்கு மேல தானா சரியாயிடுது. இதுக்கும் அணிலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கடித்த இடத்தில் உறை போய் செம்புக் கம்பி தெரிந்துகொண்டிருக்கும். இரவுப் பனியோ மழையோ அந்த இடத்தை நனைத்தால், மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாக அலுமினிய ஃபிரேமுக்குக் கசியும். இன்வெர்ட்டர் தினமும் காலையில் ஓடத் தொடங்கும் முன் இந்தக் கசிவை அளந்து பார்க்கும். கசிவு அதிகம் என்றால் ‘இன்சுலேஷன்’ அல்லது ‘ஐசோ’ என்று பிழை காட்டி, ஓட மறுக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் கசிவு குறையும், இன்வெர்ட்டரும் ஓடத் தொடங்கும்.

நிறையப் பேர் ‘அதான் சரியாயிடுதே’ என்று விட்டுவிடுகிறார்கள். சரியாகவில்லை, காய்ந்திருக்கிறது. கனெக்டருக்குள் தண்ணீர் போனாலும் இதே அறிகுறி வரும் என்பதால் அணில்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து இப்படிக் காட்டினால் ஆளைக் கூப்பிட்டு மெக்கர் (ஒயர் உறையின் கசிவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் அந்த ஒயர் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். இன்வெர்ட்டரும் நாள் முழுக்க நின்றே கிடக்கும்.

ஃபியூஸ், எம்.சி.பி எல்லாம் போட்டிருக்காங்களே. ஏதாவது ஆனா ட்ரிப் ஆயிடாதா?

இங்கேதான் வீட்டு ஒயரிங்கும் சோலாரும் வேறுபடுகின்றன. வீட்டில் ஷார்ட் ஆனால் கரண்ட் பல மடங்கு ஏறும், எம்.சி.பி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழும். 540 வாட் பேனல் ஒன்று சாதாரணமாக ஓடும்போது கொடுப்பது ஏறத்தாழ 13 ஆம்பியர். அதன் இரண்டு முனையையும் நேராக ஷார்ட் செய்தாலும் 14 ஆம்பியர் அளவுக்குத்தான் போகும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து எம்.சி.பி எதையும் கண்டுபிடிக்காது.

அடுத்தது தீப்பொறி. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. பொறி வந்தாலும் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து வரும் டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது. ஆறு பேனல் வரிசையாகச் சேர்ந்தால் 300 வோல்ட் அளவில் இருக்கும். அங்கே பொறி பற்றினால் வெயில் இருக்கும்வரை எரியும். மேலே காய்ந்த நார்க்கூட்டைப் பற்றிச் சொன்னது இதனால்தான். ஒரு இடத்தில் மட்டும் கடிபட்டால் பெரும்பாலும் இன்வெர்ட்டர் நின்றுபோவதோடு முடியும். பிளஸ், மைனஸ் இரண்டுமே கடிபட்டு ஃபிரேமைத் தொட்டால் ஆபத்து பெரிது. ஒரு கடி தெரிந்ததுமே சரிசெய்யச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

கடிச்ச ஒயர் தெரியுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு நானே டேப் சுத்திடட்டுமா?

வேண்டாம். ஈ.பி. மெயினை ஆஃப் செய்தாலும், இன்வெர்ட்டரை ஆஃப் செய்தாலும், டி.சி. சுவிட்சையே இறக்கினாலும் பேனலில் இருந்து சுவிட்ச் வரை இருக்கும் ஒயரில் வெளிச்சம் உள்ளவரை மின்சாரம் உண்டு. சூரியனுக்கு சுவிட்ச் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடித்து இழுத்தால் கையிலேயே பொறி வெடிக்கும்.

உங்கள் வேலை இவ்வளவுதான்: முதலில் ஏ.சி. பக்கம், அப்புறம் டி.சி. பக்கம் ஆஃப் செய்துவிட்டு, தள்ளி நின்று போட்டோ எடுங்கள். பழுது பார்ப்பவரும் கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பசை மாடி வெயிலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது. கடிபட்ட நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு, சோலாருக்கென்றே வரும் டி.சி. கேபிள் துண்டைப் போட்டு, இரண்டு பக்கமும் புதிதாக எம்.சி.4 கனெக்டர் (சோலார் ஒயர்களை இணைக்கும் வகை) அடிக்க வேண்டும். ஜோடி சேரும் இரண்டு கனெக்டரும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கட்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்து பொருந்தினாலும், வேறு வேறு கம்பெனி என்றால் உள்ளே தொடர்பு சரியாக இல்லாமல் சூடாகும்.

சரி, வலை அடிச்சா போதுமா? எந்த வலை?

உங்கள் பேனல் கூரையை ஒட்டி, நாலு விரற்கடை முதல் ஓரடி வரை இடைவெளியில் இருந்தால், அதாவது ஓட்டு வீடு, தகர ஷீட், தாழ்வான ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் சட்டம்) என்றால், வலையைப் போல நல்ல மருந்து கிடையாது. கேட்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை. கால்வனைஸ் செய்து மேலே பி.வி.சி. பூசியது. புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையைச் சிலர் சுற்றிவிடுகிறார்கள். புறா நிற்கும், அணில் ஒரே காலையில் ஓட்டை போட்டுவிடும்.

பேனல் வரிசையின் நான்கு பக்கமும் பாவாடை கட்டியதுபோல் வலை வர வேண்டும். கீழ் ஓரத்தை இரண்டு அங்குலம் வெளிப்பக்கமாக மடித்துக் கூரையில் படுக்க வைத்தால் அடியில் முண்டிக்கொண்டு நுழைய முடியாது. மேல் ஓரத்தைப் பேனல் ஃபிரேமின் உள் உதட்டில் மாட்டும் கிளிப் கடையில் கிடைக்கிறது. ஃபிரேமில் துளை போட்டு ஸ்க்ரூ அடிக்க விடவே விடாதீர்கள். வெட்டிய கம்பி முனை ஒயரில் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அணில் செய்யாததை வலை செய்துவிடக் கூடாது. ஒரு பக்கத்து வலையாவது கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், நாளைக்கு சர்வீஸுக்கு வருபவர் கை விட வேண்டும்.

எங்களோடது எட்டடி உயர ஸ்ட்ரக்சர். அடியில துணி காயப்போடுறோம். அதுக்கு எப்படி வலை அடிக்கிறது?

அடிக்க முடியாது, தேவையும் இல்லை. உயர ஸ்ட்ரக்சரில் அணிலைத் தடுப்பதைவிட ஒயரைக் கவசம் போட்டுக் காப்பதுதான் நடக்கிற காரியம்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு எலி ஏறாமல் மரத்தில் வழுவழுப்பான தகரம் சுற்றுவது தெரிந்திருக்கும். அதையே ஸ்ட்ரக்சர் காலில், தரையிலிருந்து நாலைந்து அடிக்கு மேலே, இரண்டடி அகலத்துக்குச் சுற்றலாம். கால்கள் எல்லாம் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி இருந்து, மேலே மரக்கிளையும் இல்லை என்றால் இது ஓரளவு வேலை செய்யும். சுவரை ஒட்டிய கால் ஒன்று இருந்தாலும் அணில் சுவரிலிருந்து தாவிவிடும். வாட்டர் டேங்க் பைப், கேபிள் டி.வி. ஒயர் இவையும் அதற்குப் பாலம்தான். ஆகவே தகரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் தொங்கும் ஒயரை எல்லாம் தூக்கிக் கட்டுங்கள். அணிலுக்கு உட்கார ஓர் இடமும் கடிக்க ஒரு தொங்கலும் வேண்டும். ஃபிரேமோடு இழுத்துக் கட்டிய ஒயரைக் கடிப்பது அதற்குக் கஷ்டம். வெயில் தாங்கும் கருப்பு கேபிள் டை போடுங்கள். வெள்ளை டை சீக்கிரமே நொறுங்கி, ஒயர் மறுபடி தொங்கும். நீளவாக்கில் போகும் கேபிளை மூடி போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கேபிள் டிரேயில் விடுங்கள். பேனலிலிருந்து வரும் அந்தச் சின்ன ஒயர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல் உறை மாட்டலாம். கனெக்டரைக் கழற்றாமலே மேலே சுற்றிவிடும்படியான உறையும் வருகிறது.

ஒயரெல்லாம் பைப்புக்குள்ள விட்டாச்சுனு கம்பெனிக்காரர் சொன்னார். அப்புறம் எப்படிக் கடிச்சது?

பைப் முடிகிற இடத்திலிருந்து பேனல் வரைக்கும் இருக்கும் ஒன்றிரண்டு அடியைப் போய்ப் பாருங்கள். எங்கே போனாலும் கடி அங்கேதான் இருக்கும். பைப்பும் பி.வி.சி. என்றால் விளிம்பிலிருந்து கொறித்துக்கொண்டே உள்ளே வரும். கனமான பைப் என்றால் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவே.

பைப்பின் வாயைத் திறந்து விடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரில் துருப்பிடிக்காத வகையை வாங்கித் திணித்து, மேலே சிலிக்கான் வையுங்கள். கடைசி இரண்டடிக்கு இரும்பு ஃப்ளெக்சிபிள் பைப் மாட்டலாம். ஆனால் அதன் வெட்டு வாயில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும், எர்த்தோடும் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூர்மையான விளிம்பே உறையைச் சீவிவிடும்.

மிளகாய்த்தூள், அந்துருண்டை, அல்ட்ராசோனிக் மிஷின்... எது பலன் தரும்?

மிளகாய்த்தூள் முதல் மழை வரைக்கும். அந்துருண்டை திறந்த மாடி வெயிலில் சீக்கிரம் ஆவியாகிப் போகும். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டால் விபரீதம். அல்ட்ராசோனிக் பெட்டியின் சத்தம் திறந்த வெளியில் தூரம் போகாது, பேனலுக்குப் பின்னால் மறைந்தால் அதுவும் கேட்காது. பிளாஸ்டிக் ஆந்தை, மின்னும் ரிப்பன் எல்லாம் அணிலுக்குப் பழகும்வரைதான். ஆந்தையின் தலைமேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்கிற அணிலைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய், கழிவு ஆயில், கிரீஸ் தடவுவது மட்டும் கூடவே கூடாது. ஒயர் உறையைக் கெடுக்கும். தீ பற்றுவதற்கு நீங்களே எண்ணெய் ஊற்றி வைத்ததாகவும் ஆகும்.

அப்ப மரத்தைத்தான் வெட்டணுமா?

மரத்தை வேண்டாம், கிளையை வெட்டுங்கள். பேனலிலிருந்து எட்டடி தள்ளி இருக்கும்படி முருங்கை, வேம்புக் கிளைகளைக் கழிப்பது நிழலுக்கும் நல்லது. ஒரு கிளையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அந்த வரிசையின் உற்பத்தியே அடிபடும். தென்னையில் தாழ்ந்து தொங்கும் காய்ந்த மட்டையை எடுத்துவிட்டால் போதும். பக்கத்து வீட்டு மரம் என்றால் பேசிப் பாருங்கள். நடக்காவிட்டால் கவசத்தை நம்புங்கள்.

கூண்டு வெச்சுப் பிடிச்சு தூரமா தோப்புல விட்டுடலாமா? மருந்து வைக்கலாமா?

மருந்து வேண்டவே வேண்டாம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மருந்து தின்ற அணிலைக் காக்காயோ பூனையோ தின்னும். செத்தது பேனலுக்கு அடியில் கிடந்தால் நாற்றத்துக்கு நீங்கள்தான் மாடி ஏற வேண்டும். முதுகில் ராமர் தடவிய கோடு என்று பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில் யாருக்கும் மனசும் வராது.

கூண்டும் பயனில்லை. ஒன்றைக் கொண்டுபோய் விட்டால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். பிடித்தது தாயாக இருந்தால் குட்டிகள் கூட்டிலேயே சாகும்.

வலை அடிக்க ஆள் வந்தாச்சு. பார்த்தா உள்ளே கூட்டுல குட்டி இருக்கு. என்ன பண்றது?

வலை வேலையை ஒத்தி வையுங்கள். ஒரு ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள், கண் திறக்காமல் ரோஸ் நிறத்தில் இருக்கும். தாமாக ஓடியாட ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை தொங்கும் ஒயரைக் கட்டுவது, உறை மாட்டுவது போன்ற வேலைகளைக் கூட்டைத் தொடாமல் செய்துகொள்ளலாம். ஒயர் ஏற்கெனவே கடிபட்டிருந்தால் அந்த வரிசையை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

குட்டிகள் போன பிறகு கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, மதிய நேரத்தில் வலையை மூடுங்கள். அணில் பகலில் வெளியே மேயும். மாலையில் மூடினால் உள்ளே வைத்தே பூட்டிவிட வாய்ப்பு உண்டு. உள்ளே அகப்பட்ட அணில் வெளியே வர வழி தேடி முதலில் கடிப்பது ஒயரைத்தான்.

வலை அடிச்சா காத்து போகாம யூனிட் குறையாதா?

கம்பி வலையால் காற்று தடைபடுவது மிகக் கொஞ்சம். தகரமோ தெர்மாகோலோ வைத்து அடைத்தால்தான் கெடுதல். பேனல் ஒரு டிகிரி சூடு கூடினால் 0.35 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறையும். அடியில் காற்று ஓடாத பேனல் சித்திரை வெயிலில் நன்றாகவே சூடேறும். அந்தக் கணக்கில் பார்த்தால் அணில் கூடு அடைத்து வைப்பதுதான் வலையைவிட நஷ்டம். வலையில் சேரும் சருகை மட்டும் பேனல் கழுவும்போது தட்டிவிடுங்கள்.

கடிச்சது ஜங்ஷன் பாக்ஸை ஒட்டி. பேனலையே மாத்தணுங்கறாங்க. உண்மையா?

சில சமயம் உண்மை. பாக்ஸிலிருந்து விரல் நீளமாவது நல்ல ஒயர் மிச்சம் இருந்தால் புது கனெக்டர் அடித்துவிடலாம். பாக்ஸின் வாயிலேயே கடித்திருந்தால், பல மாடல்களில் பாக்ஸ் முழுக்க பசை ஊற்றி அடைத்திருப்பதால் ஒயரை மட்டும் மாற்ற முடியாது. பாக்ஸையே மாற்றித் தருகிறேன் என்பவர் உண்டு. அதைச் செய்தால் அந்தப் பேனலுக்குக் கம்பெனி வாரண்டி பேச முடியாது என்று தெரிந்து செய்யுங்கள்.

புதுப் பேனல் வரும்வரை அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். ஆறில் ஐந்து ஓடினாலும் பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டருக்கு வோல்டேஜ் போதும். மூன்று நான்கு பேனல் மட்டுமே உள்ள வீட்டில் இன்வெர்ட்டரின் குறைந்தபட்ச வோல்டேஜைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

அணில் கடிச்சதுக்கு வாரண்டி கிடைக்குமா? அஞ்சு வருஷம் சர்வீஸ் ஃப்ரீன்னு சொன்னாங்களே?

பேனல் வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். விலங்கு கடித்தது அதில் வராது. மானியத் திட்டத்தில் போட்டவர்களுக்கு நிறுவியவரின் ஐந்தாண்டுப் பராமரிப்பு உண்டு. அதில் அணில் கடி சேருமா என்பது ஒப்பந்தத்தில் எழுதியதைப் பொறுத்தது. பெரும்பாலும் எழுதியிருக்காது, அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். ஒயரைத் தொங்கலாக விட்டது நிறுவியவரின் வேலைக்குறை என்று வாதிட உங்களிடம் போட்டோ இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். வேலை முடிந்த அன்றே பேனலுக்கு அடியில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க இன்னும் போடலை. இப்பதான் கொட்டேஷன் வாங்கறோம். என்ன கேட்கணும்?

கொடுத்து வைத்தவர்கள் நீங்கள். பேனல் ஏறிய பிறகு அடியில் படுத்துக்கொண்டு செய்யும் வேலை, ஏற்றும்போது நின்றுகொண்டே முடியும். கொட்டேஷனிலேயே இவற்றை எழுதி வாங்குங்கள்: பேனல் ஒயர் எதுவும் தொங்காது, ஃபிரேமில் கட்டப்படும், நீளக் கேபிள் மூடி போட்ட ஜி.ஐ. டிரேயில் போகும், பைப் வாய்கள் அடைக்கப்படும், தாழ்வான ஸ்ட்ரக்சர் என்றால் சுற்றிலும் அரை அங்குல வெல்டு மெஷ், ஃபிரேமில் துளை இல்லாமல். ‘அணிலெல்லாம் இங்க வராதுங்க’ என்று பதில் வந்தால், மாடிக்குக் கூட்டிப்போய்த் தென்னை மரத்தைக் காட்டுங்கள்.

சோலார் வாட்டர் ஹீட்டர் பைப்ல சுத்தியிருக்கற ஃபோமையும் பிச்சுப் போடுதே?

அது கூட்டுக்கு மெத்தை. அங்கே மின்சார ஆபத்து இல்லை, சுடுதண்ணீர் வழியிலேயே ஆறிப்போகும் நஷ்டம் மட்டும்தான். ஃபோமைப் புதிதாகச் சுற்றி, மேலே மெல்லிய அலுமினியத் தகடு போட்டு, கிளாம்ப் அடித்துவிடுங்கள். ஹீட்டரில் கரண்டில் ஓடும் பேக்கப் ராடு இருந்தால், அதற்குப் போகும் ஒயரைத் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.